தெருவும் கல்லும்



வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண் முன் அரசர்களும் போர்களும் வந்து நிற்பது இயல்பு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்று வரலாறு கற்பித்த நானும் பெரும்பாலும் அவற்றையே கூறி வந்தேன். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், என் வீட்டு வாயிலிலே பாவிய ஏறத்தாழ 2,000 கற்கள் எனக்கு வேறு ஒரு வரலாற்றைக் கற்பித்தன. அது நாம் நாள்தோறும் காலால் மிதித்து நடக்கும் தரையின் வரலாறு. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இன்று வந்திருக்கிறேன்.

மதுரை மாநகரின் நடுவே அங்கயற்கண்ணியின் திருக்கோயில் நிற்கிறது. அதனைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாக வீதிகள் அமைந்துள்ளன. ஆடி வீதி கோயில் மதிலுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு வெளியே சித்திரை வீதியும், ஆவணி மூல வீதியும், மாசி வீதியும், இறுதியாக வெளி வீதியும் வருகின்றன. மாதங்களின் பெயரைத் தெருக்களுக்குச் சூட்டிய ஊர் இது. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் இவ்வமைப்பு ஒழுங்கு பெற்றது என்பர். மாசி மாதத்தில் தேர் ஓடியதால் மாசி வீதி எனப் பெயர் வந்தது. திருமலை நாயக்கர் அவ்விழாவைச் சித்திரை மாதத்திற்கு மாற்றினார். மாதம் மாறியும் தேர் ஓடும் தெரு மாறவில்லை. இன்றும் சித்திரைத் தேர் மாசி வீதிகளில்தான் வலம் வருகிறது.

தேர் ஓடும் தெரு என்றால் அதன் பொருள் என்ன? பெரும் பாரம் ஒன்று, மரச் சக்கரங்களின் மீது, மக்கள் வடம் பிடித்து இழுக்க, நான்கு தெருக்களையும் சுற்றி நிலைக்கு வந்து சேரவேண்டும். ஓரிடத்தில் தரை உள்வாங்கினாலும் தேர் நின்றுவிடும். ஆகவே தெருவின் உறுதி என்பது மதுரை மக்களுக்குப் பன்னெடுங்காலமாகவே கவலைக்குரிய செய்தியாக இருந்திருக்கவேண்டும்.

கோயிலுக்குள் சென்றால் பிராகாரங்களில் பெரிய பெரிய கருங்கற் பலகைகளைப் பாவியிருப்பதைக் காணலாம். சிற்பிகள் இதனைத் தளவரிசை என்பர். அக்கற்கள் தம் எடையாலேயே அசையாமல் கிடக்கின்றன. ஒரு கல்லைப் பெயர்க்க வேண்டுமானால் கடப்பாரையும் பல ஆட்களும் வேண்டும். ஆயின் ஊர்த் தெரு முழுவதையும் இவ்வாறு பாவுவது எளிதன்று. தெருக்களும் ஊர்களுக்கிடைப்பட்ட சாலைகளும் மண்ணாகவே இருந்தன. 1689ஆம் ஆண்டில் ஆட்சிப் பொறுப்பேற்ற ராணி மங்கம்மாள் சாலைகள் அமைத்தார்; நிழல் தரும் மரங்களை நட்டார்; வழிப்போக்கர் தங்கச் சத்திரங்கள் கட்டினார். மங்கம்மாள் சாலை என்ற பெயர் தென்பாண்டி நாட்டில் இன்றும் வழங்குகிறது. மதுரை இரயில் நிலையத்திற்கு எதிரே அவர் பெயரால் சத்திரம் நிற்கிறது. ஆயினும் மண் சாலைக்கு ஒரு பகை உண்டு. அது மழை.

இங்கே சற்று நிலத்தைப் பற்றிக் கூறவேண்டும். மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் செம்மண்ணும் உண்டு. திருமங்கலம் பக்கம் போனால் கரிசலும் உண்டு. கரிசல் மண் ஈரம் பட்டால் பருக்கும். காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கு உகந்த அந்த மண் சாலைக்குச் சற்றும் உகந்ததன்று. மேலும் ஊரைச் சுற்றியிருந்த நீர்நிலைகள் பல இன்று குடியிருப்புகளாகிவிட்டன. தல்லாகுளம், பீபிகுளம் என்ற பெயர்களிலேயே குளம் இருக்கிறது. இவ்வாறு நிரப்பிய மண்ணின்மேல் எதனை வைத்தாலும் அது சில காலம் அமிழ்ந்துகொண்டே இருக்கும்.

மதுரையில் மண் நிரப்பித் தெரு அமைத்த மிகப் பெரிய நிகழ்ச்சி 1840களில் நடந்தது. அப்போது மாவட்டக் கலெக்டராக இருந்தவர் பிளாக்பர்ன். ஊரைச் சுற்றிக் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. மக்கள் தொகை பெருகியது. உள்ளே நெருக்கடி மிகுந்தது. மதிலை இடித்து அகழியைத் தூர்க்க அவர் முடிவு செய்தார். மதிலை இடித்து அந்த மண்ணால் அகழியை நிரப்புவோருக்கு அவ்விடத்தையே கொடுக்க முன்வந்தார். கோட்டை இருந்த இடத்தில் புதிய தெருக்கள் எழுந்தன. அப்பணியில் அவருக்குத் துணை நின்ற நில அளவையாளர் மாரட்டின் பெயராலும், பெருமாள் மேஸ்திரியின் பெயராலும் இன்றும் தெருக்கள் வழங்குகின்றன. பிளாக்பர்ன் நினைவாக மக்கள் நிறுத்திய விளக்குத்தூண் கோயிலுக்குக் கிழக்கே இருக்கிறது. கலெக்டருக்கு ஒரு தூண் அமைத்த ஊர், ஒரு மேஸ்திரிக்குத் தெருவையே கொடுத்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பின்னர் அதற்கு வருவோம்.

அக்காலத்திற்குச் சற்று முன்பு ஸ்காட்லாந்து நாட்டினரான மக்காடம் என்பவர் சாலை அமைப்பில் ஒரு புதிய கருத்தைக் கூறினார். அவர் வாழ்ந்த காலம் 1756 முதல் 1836 வரை. சாலையின் பாரத்தைத் தாங்குவது மேலே போடும் கல் அன்று, கீழே இருக்கும் இயற்கை மண்ணே என்றார் அவர். மண் உலர்ந்திருக்கும் வரை எத்தனை பாரத்தையும் தாங்கும். அதனுள் நீர் புகுந்து தங்கினால் வலிமை இழக்கும். ஆகவே சிறு சிறு ஜல்லிகளை நெருக்கமாகப் பரப்பி, சாலையின் நடுவைச் சற்று உயர்த்தி, நீர் இருபுறமும் வடிந்தோடச் செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை. மேற்பரப்பில் இடும் ஜல்லி ஒவ்வொன்றும் 6 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 170 கிராம் எடைக்கு மேற்படலாகாது என்று அளவும் வகுத்தார். நம் நாட்டு ஜல்லிச் சாலைகளும் இக்கருத்தைத் தழுவியே அமைந்தன.

கல் பாவுவதில் உலகிற்கு முன்னோடிகள் என்று பெயர் பெற்றோர் உரோமானியர். கி.மு. 312இல் அவர்கள் தொடங்கிய அப்பியன் சாலையின் பகுதிகள் இன்றும் இருக்கின்றன. மேலே தெரியும் கற்களைக் கண்டு நாம் வியக்கிறோம். ஆனால் அவற்றிற்குக் கீழே அடுக்கடுக்காகக் கல்லும் சரளையும் இட்டு இறுக்கியிருந்தமையே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம்.

இன்று நாம் பேவர் பிளாக் என்று சொல்லும் சிமெண்டுக் கற்களின் கதை போரில் தொடங்குகிறது. நெதர்லாந்து நாட்டில் தெருக்களுக்குச் சுட்ட செங்கல் பாவுவது நெடுநாள் வழக்கம். அந்நாட்டின் தாழ்ந்த, நெகிழ்ந்த நிலம் அமிழும் இயல்புடையது. செங்கல் தெரு அமிழ்ந்தால் கற்களை எடுத்து, அடியை உயர்த்தி, அதே கற்களைத் திரும்பப் பாவிவிடுவர். 1940ஆம் ஆண்டு மே மாதம் ராட்டர்டாம் நகரின்மீது குண்டுகள் பொழிந்தன. நகரின் நடுப்பகுதி அழிந்தது. போர் முடிந்தபின் வீடுகளைக் கட்டவே செங்கல் போதவில்லை. தெருவுக்குச் செங்கல் எங்கே கிடைக்கும்? ஆகவே சிமெண்டுக் காரையைச் செங்கல் வடிவில் அச்சிட்டுப் பாவத் தொடங்கினர். பின்னர் ஜெர்மானியர் அக்கற்களின் விளிம்புகளைப் பல் பல்லாக அமைத்து ஒன்றோடொன்று கோத்து நிற்கச் செய்தனர். அங்கிருந்து அது உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் இந்திய சாலைப் பேரவை 2004இல் இதற்கு வழிகாட்டி நூல் வெளியிட்டது. இந்தியத் தர நிர்ணயத்தார் 2006இல் கற்களின் தரத்தை வரையறுத்தனர். நடைபாதைக்கு 50 மில்லிமீட்டர் தடிப்பு, சிறு வண்டிகள் செல்லும் இடத்திற்கு 60, அதற்கு மேற்பட்ட போக்குவரத்துக்கு 80 முதல் 120 வரை என்று அளவுகள் உண்டு. 2016இல் மதுரை சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதன்பின் கோயிலைச் சூழ்ந்த சித்திரை வீதிகள் கல் பாவப்பெற்றன.

பெரிய கருங்கல் தன் எடையால் நிற்கிறது என்றேன். சிறிய கல் எதனால் நிற்கிறது? அண்டையில் இருக்கும் கல்லால் நிற்கிறது. கற்களுக்கிடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவே இடைவெளி விடப்படும். அவ்விடைவெளியில் நுண்மணலை நிரப்புவர். வண்டிச் சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறும்போது அம்மணல் அழுந்தி, பாரத்தைச் சுற்றியுள்ள கற்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. ஓரங்களில் கரைக்கல் இல்லையேல் என்ன ஆகும்? கடைசிக் கல்லுக்கு அண்டை இல்லை. அது வெளியே நகரும்; அடுத்ததும் நகரும்; மணல் ஒழுகும்; நாளடைவில் தெருவே குலைந்துபோகும். ஆகவே கற்களைப் பாவுவதற்கு முன்னரே கரைக்கல்லை நிலைநிறுத்திவிடுதல் இன்றியமையாதது.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஓய்வுக்குப் பின் நான் வீடு கட்டிய இடம் ஒரு காலத்தில் கண்மாய்ப் பாசன வயல். வாயிற்கதவிலிருந்து வண்டி நிறுத்தும் இடம் வரை 10 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட பாதை. அதற்குக் கல் பாவ ஒருவரை அமர்த்தினேன். மூன்று நாளில் வேலை முடிந்தது. பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. நானும் மகிழ்ந்து, கேட்ட தொகையைக் கொடுத்தேன். ஐப்பசி மழை வந்தது. சக்கரம் ஏறும் இரு தடங்களிலும் கற்கள் அமிழ்ந்தன. நீர் தேங்கியது. ஓரக் கற்கள் தோட்டத்துப் பக்கம் சாய்ந்தன. ஒரு நாள் மாலை என் பேத்தி அத்தேக்கத்தில் வழுக்கி விழுந்து முழங்கையை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தது. கற்கள் தரமற்றவை என்று நான் சினந்தேன்.

அப்போது எங்கள் தெருவில் வேலைக்கு வந்திருந்த முதிய கொத்தனார் ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் ஒரு கல்லைக் கையில் எடுத்து மற்றொன்றோடு தட்டிப் பார்த்தார். கணீரென்று ஒலித்தது. "வாத்தியாரையா, கல்லைக் குறை சொல்லாதீர்கள். உட்கார நல்ல இடம் கொடுக்காமல் கல்லைத் திட்டினால் அது என்ன செய்யும்?" என்றார். அமிழ்ந்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு கற்களைப் பெயர்த்தார். கீழே ஜல்லியே இல்லை. களிமண், அதன்மேல் மணல். மேடான இடத்தில் மணல் இரண்டு விரல் அளவு. பள்ளமான இடத்தில் ஒரு சாண். தரையின் மேடுபள்ளத்தை மணலால் நிரவி, மேலே கல்லை அடுக்கி, கண்ணுக்கு மட்டமாகக் காட்டியிருந்தனர். மக்காடத்தின் பாடத்தை எத்தனையோ முறை வகுப்பில் சொன்ன நான், என் வாயிலில் அதனை மறந்துவிட்டேன்! மண்ணைத் தோண்டும் நாளில் அருகில் நின்று பார்க்க வேண்டியவன், கல் வந்து இறங்கிய நாளில் நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொத்தனார் செய்த முறையை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் குறித்துக்கொள்ளலாம். முதலில் கற்களை எல்லாம் எடுத்து ஓரமாக அடுக்கினார். களிமண்ணை ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைவாகத் தோண்டி எடுத்தார். அடியைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினார். பிறகு கிராவலும் ஜல்லியும் இரண்டு அடுக்காகப் போட்டு, அடுக்குதோறும் நீர் தெளித்து இறுக்கினார். நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, 50 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் தெருப்பக்கம் வாட்டம் கொடுத்தார். பிறகு இருபுறமும் கரைக்கல்லைக் காரையில் நிறுத்தினார். அதன் பின்னரே மணல். அதுவும் எங்கும் ஒரே அளவாக, ஏறத்தாழ 30 மில்லிமீட்டர். "மணல் மெத்தை, ஐயா. மெத்தையைக் கொண்டு குழியை மூடக்கூடாது" என்றார்.

கற்களை அவர் மீன்முள் போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தார். நேர்வரிசையாகப் பாவினால், வண்டி நிற்கும்போதும் திரும்பும்போதும் வரிசை முழுவதும் நகரும். மீன்முள் அமைப்பில் ஒவ்வொரு கல்லும் மற்றொன்றால் தடுக்கப்படுகிறது. பாவிய பின் அதிர்வுப் பொறியை மேலே ஓட்டினார். உலர்ந்த நுண்மணலைத் துடைப்பத்தால் பெருக்கி இடைவெளிகளில் இறக்கினார். மீண்டும் பொறி, மீண்டும் மணல். 2,000 கற்களில் உடைந்து மாற்ற வேண்டியிருந்தவை முப்பதுக்கும் குறைவு. மற்றவை எல்லாம் பழைய கற்களே. நான் குறை கூறிய அதே கற்கள்!

அடுத்து ஒரு கேள்வி எழுந்தது. மேலே மெருகெண்ணெய் போன்ற பூச்சு ஒன்று பூசலாமா என்பது. அப்பூச்சு எண்ணெய்க் கறை படியாமல் காக்கும். இடைவெளி மணல் எளிதில் வெளியேறாமல் பிடித்துக்கொள்ளும். களை முளைப்பதைக் குறைக்கும். ஆயின் புதிய சிமெண்டுக் கல் சில மாதங்கள் வெள்ளை பூக்கும். கல்லினுள் இருக்கும் சுண்ணாம்பு நீரோடு வெளிவந்து படிவதே அதற்குக் காரணம். அது அடங்குமுன்னரோ, கல் ஈரமாக இருக்கும்போதோ பூசினால், உள்ளே சிக்கிய ஈரத்தால் பூச்சு பால்போல் வெளுத்துவிடும். பூச்சு நிலையானதும் அன்று. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் பூசவேண்டும். சிலர் இடைவெளிகளில் சிமெண்டுக் கலவையை ஊற்றி அடைத்துவிடுகின்றனர். அது பெருந்தவறு. கல் அசைந்துகொடுக்க இடமின்றிக் கலவை வெடிக்கும். பழுது பார்க்கக் கல்லைப் பெயர்த்தால் கல்லும் உடையும்.

நான் பூச்சு வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதற்கு ஒரு சிறு கணக்கே காரணம். மதுரை வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். என் பாதையின் பரப்பு 40 சதுர மீட்டர். ஆகவே ஓராண்டில் அதன்மேல் விழும் நீர் 34,000 லிட்டர். என் பாதை ஒன்றிலேயே இவ்வளவு! ஊரில் எத்தனை வாயில்கள், எத்தனை முற்றங்கள்! அனைத்தையும் முற்றாக மூடிவிட்டால் அந்நீர் எங்கே செல்லும்? ஆகவே கரைக்கல்லுக்கு அப்பால் ஒரு சிறு வடிகால் வெட்டி, பாதையின் வாட்டத்தில் ஓடும் நீரைத் தோட்டத்துக் குழியில் விட்டேன். மக்காடம் சொன்னபடி பாதைக்கு அடியில் நீர் தங்காது. அந்நீர் வீணாகவும் போகாது. வேறு வகைக் கற்களும் உண்டு. அகன்ற இடைவெளியில் சிறு ஜல்லியை நிரப்பி, நீரை அடிக்கே இறங்கவிடும் வகை அது. அதற்கு அடித்தளத்தை வேறு முறையில் அமைக்கவேண்டும்.

நீரைப் பற்றிப் பேசும்போது வண்டியூர்த் தெப்பக்குளம் நினைவுக்கு வருகிறது. 1645இல் திருமலை நாயக்கர் அமைத்த குளம் அது. கரைகளும் படிகளும் கருங்கல். வைகையிலிருந்து வாய்க்கால் வழியே நீர் வரவேண்டும். வாய்க்கால் தூர்ந்தமையால் குளம் பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. சிறுவர்கள் உள்ளே கிரிக்கெட் ஆடினர். கல் ஒன்றும் கெடவில்லை. கட்டிய திறமையிலும் குறையில்லை. இடையில் பேணுதல் நின்றது, அவ்வளவே. அண்மை ஆண்டுகளில் வாய்க்காலைச் சீர்செய்தவுடன் குளத்தில் வைகை நீர் வந்து நிறைந்தது.

மாணவர்களே, என் பேச்சின் கருத்து இதுதான். கல் பாவிய தெருவின் தனிச்சிறப்பு அதன் அழகன்று; அதனைப் பழுதுபார்க்க முடியும் என்பதே. தார்ச் சாலையில் பள்ளம் விழுந்தால் ஒட்டுப் போடுகிறோம், ஒட்டு தெரிகிறது. மேலும் மேலும் தார் போட்டுத் தெரு உயர, வீடுகள் தாழ்கின்றன. கல் தெருவிலோ, குடிநீர்க் குழாய்க்குத் தோண்டினாலும் மின்கம்பிக்குத் தோண்டினாலும், அதே கற்களை அதே இடத்தில் பாவிவிடலாம். தோண்டியவர் மண்ணை அடுக்கடுக்காக இறுக்கி, மணலை அளவாகப் பரப்பி, மீன்முள் கோப்பைக் கெடாமல் கோத்தால், தோண்டிய சுவடே இராது. அவசரத்தில் மண்ணைத் தள்ளி, மேலே கல்லை வைத்துவிட்டுப் போனால், அடுத்த மழையில் ஒரு குழந்தை விழும். அந்த வேறுபாடு கல்லில் இல்லை, கையில் இருக்கிறது.

உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் நகராட்சியில் பணி செய்வீர்கள். பலர் வீடு கட்டுவீர்கள். கல் பதிக்கும் நாளில் வந்து பார்ப்பதோடு நில்லாமல், மண் தோண்டும் நாளிலும் வந்து நில்லுங்கள். வேலை முடிந்த பின்னும், ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்பு, இடைவெளிகளில் மணல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

பெருமாள் மேஸ்திரி வீதி வழியே அடுத்த முறை நடக்கும்போது அப்பெயர்ப் பலகையைச் சற்று நின்று படியுங்கள். மண் சுமந்து, மதில் இடித்து, பள்ளம் நிரப்பும் வேலையை மேற்பார்த்த ஒருவரின் பெயரை இந்த ஊர் மறக்கவில்லை. என் வீட்டுப் பாதையைச் சீர்செய்த கொத்தனாரின் பெயரை எந்தத் தெருவும் தாங்கப்போவதில்லை. அடுத்த ஐப்பசியும் வந்து போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. நீர் தேங்கவில்லை. என் பேத்தி அங்கே கயிறு தாண்டி விளையாடுகிறாள்.